மின்படிவு: முலாமும் படிகமும்

கரைசலில் உள்ள உலோகத்தை மின்சாரத்தால் ஒரு பரப்பின்மேல் படியச் செய்யும் எலெக்ட்ரோடெபாசிஷன் என்பதற்குத் தமிழில் ‘மின்முலாம் பூசுதல்’, ‘மின்படிவு’ என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்றுக்கு மற்றொன்றைத் தாராளமாக மாற்றி எழுதுகிறோம். ஆனால் கோபால்ட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் முதற்சொல் போதாது என்பது விரைவில் தெரிந்துவிடும்.

மூலச்சொல்லின் முற்பகுதி அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், பிற்பகுதி ‘கீழே வைத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்தும் பிறந்தவை. நம் ‘முலாம்’, ஒளிரச் செய்ததைச் சுட்டும் அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்து சேர்ந்தது. இத்தாலியரான புருக்னடெல்லி 1805இல் வோல்ட்டாவின் மின்கலத்தைக் கொண்டு வெள்ளிப் பதக்கங்கள்மீது தங்கத்தைப் படியச் செய்தாரே, அதற்கு இச்சொல் முற்றிலும் பொருந்தும். மேலே பளபளப்பது மட்டுமே அங்கே நோக்கம். ‘படிவு’ அப்படியன்று. தூசு படிகிறது, ஆற்றில் வண்டல் படிகிறது என்கிறோம். சிறுசிறு துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தமர்வதை ‘படி’ என்னும் வினையடியே காட்டிவிடுகிறது.

கோபால்ட்டில் கேள்வியே இந்த அமர்வைப் பற்றியதுதான். கோபால்ட் சல்பேட்டும் போரிக் அமிலமும் கரைந்த இளஞ்சிவப்புக் கரைசலில் செப்புத் தகட்டை எதிர்மின்வாயாக வைத்து மின்னோட்டம் செலுத்தினால், அயனி ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களைப் பெற்று அணுவாகித் தகட்டில் அமர, சாம்பல் நிறப் படலம் வளர்கிறது. அந்த அணுக்கள் அடுக்கடுக்காக அமரும் முறை இரண்டு. பழக்கடையில் ஆரஞ்சுகளை அடுக்கும்போது மூன்றாம் அடுக்கின் பழங்கள் முதலடுக்கின் பழங்களுக்கு நேர்மேலே வந்தால் அது அறுங்கோண நெருங்கிப் பொதிந்த அமைப்பு. அவ்வாறன்றி மற்றக் குழிகளுக்கு மேலே வந்தால் முகப்பு மையக் கனச்சதுர அமைப்பு. கோபால்ட்டில் இவ்விரண்டுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியது. அறை வெப்பநிலையில் நிலையானது அறுங்கோணமே. கனச்சதுரம் நிலைபெறுவதற்கு ஏறத்தாழ 420 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்ற வேண்டும்.

ஆயினும் அந்தக் கனச்சதுரத்தை, சூடேற்றாமலே, கண்ணாடிக் குவளையில் பெற முடிகிறது. கரைசலின் பிஎச் மதிப்பு 5ஐ ஒட்டி இருந்தால் பொதுவாக அறுங்கோணப் படிவே கிடைக்கிறது. 2க்குக் கீழே இறக்கினால் கனச்சதுரமும் கலந்து வருகிறது. அமிலம் மிகுந்த கரைசலில் எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழிகள் பெருகுவதைக் கண்ணாலேயே காணலாம். அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி கோபால்ட்டுடன் சேர்ந்து ஹைட்ரைடு என்னும் சேர்மமாகி, பின்னர் அது சிதையும்போது கனச்சதுர அடுக்கை விட்டுச்செல்கிறது என்பது ஒரு விளக்கம். மிகை மின்னழுத்தத்தை, அதாவது சமநிலைக்குத் தேவையானதற்கு மேல் கூடுதலாகச் செலுத்தும் மின்னழுத்தத்தை, உயர்த்தினாலும் கனச்சதுரம் தலைகாட்டுகிறது. மெதுவாகப் படியவிட்டால் அறுங்கோணம் வலுப்பெறுகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே மாற்றுவது எளிதன்று. ஓட்டத்தைக் கூட்டினால் ஹைட்ரஜனும் கூடிவிடுகிறது என்பதால், காரணத்தைப் பிரித்துச் சொல்வதில் நிதானம் வேண்டும்.

படலத்தைப் பார்த்து அமைப்பைச் சொல்ல முடியாது. செப்பிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் படலத்தில் செலுத்தி, அவை எந்தெந்தக் கோணத்தில் வலுவாகச் சிதறுகின்றன என்று காட்டும் விளிம்பு விலகல் வரைபடத்தில் 44 டிகிரியை ஒட்டி இரண்டு அமைப்புகளின் முகடுகளும் நெருங்கி விழுந்து குழப்பும். சுமார் 47.5 டிகிரியில் முகடு தெரிந்தால் அறுங்கோணம் உண்டு, 51.5இல் தெரிந்தால் கனச்சதுரம் உண்டு எனக் கொள்ளலாம். எனினும் படிகங்கள் ஒரே திசையில் சாய்ந்து வளர்ந்திருந்தால் இருக்கும் முகடும் மறைந்துவிடும். இவ்வளவு கவலை எதற்கென்றால், அறுங்கோணக் கோபால்ட் தன் நெடிய அச்சின் வழியே காந்தமாவதை வலுவாக விரும்புகிறது. கனச்சதுரத்திற்கு அந்தப் பிடிவாதம் குறைவு. நுண்கம்பிகளையும் காந்தப் படலங்களையும் செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

படிவும் படிகமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை போல ஒலிப்பது தற்செயலே. படிகம் ‘ஸ்படிகம்’ என்னும் வடசொல்லின் திரிபு. அணிகலனுக்கும் குழாய்க்கும் முலாமே இருக்கட்டும். ஆய்வு எழுத்தில் நிகழ்வை மின்படிதல் என்றும், செய்பவரின் செயலை மின்படியவைத்தல் என்றும், தகட்டில் கிடைக்கும் படலத்தை மின்படிவு என்றும் பிரித்து வழங்குவது நன்று.