இறங்கினதுக்குத்தான் இந்த வலி

"அண்ணாச்சி, மலையேறி ஓடும்போதுதான் உசுரு போகுது. இறங்கும்போது காத்து மாதிரி வாரோம். ஆனா ரெண்டு நாள் கழிச்சு வலிக்கது இறங்கினதாலதான்னு சொல்லுதாங்க, நெசமா?" அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நெசந்தான். நானே சாட்சி. பாளையங்கோட்டையிலிருந்து கூட்டாளிகள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கடையம் பக்கம் தோரணமலைக்குப் போனோம். முருகன் கோயில் படிகளில் ஓடி ஏறி, ஓடி இறங்கி, மறுபடி ஏறி, இப்படி மூன்று தடவை. ஏறும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது ஒரே கேலியும் கதையும். திங்கட்கிழமை லேசான பிடிப்புதான். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் சாதாரணமாக ஏறி உட்கார்ந்தேன். வண்ணார்பேட்டையில் இறங்கக் காலை வைத்தபோது தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். "பாத்து இறங்கும் பாட்டையா" என்றார் கண்டக்டர். எனக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது.

ஏறும்போது வலிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது.

'லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்று ஜிம்மில் சொல்வார்கள். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை வலிக்கு அதன்மேல் பழி போடுவதும் ஆச்சி "வாயு பிடிச்சிருக்கு" என்பதும் ஒன்றுதான். ஆச்சியாவது சுக்கு வெந்நீர் தருவாள்.

தசை சுருங்கும் விதம் பள்ளியில் படித்ததே. தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற இன்னொரு புரத இழையைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும். பிடியை விட ஒவ்வொரு தடவையும் ஒரு ஏடிபி, அதாவது தசைக்கு எரிபொருளான மூலக்கூறு, செலவாகும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது இந்தச் செலவுக்காகத்தான்.

இறக்கத்தில் கதை வேறு. ஒவ்வொரு படியிலும் நம்மை விழாமல் தாங்க முன்தொடைத் தசை சுருங்கப் பார்க்கிறது, உடம்பின் எடையோ அதை நீட்டுகிறது. சுருங்க முயலும்போதே நீளும் தசை! நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கிப் பாருங்கள். மேலே இழுக்கும்போது வேர்த்துக் கொட்டும். இறக்கும்போது வேர்வை இல்லை, உள்ளங்கை காந்தும். தசைக்குள்ளும் அப்படித்தான். பற்றிய தலைகள் ஏடிபிக்குக் காத்திராமல் பிய்த்து எடுக்கப்படுகின்றன, அடுத்த நொடியே வேறிடத்தில் பற்றிக்கொள்கின்றன. செலவு கொஞ்சம், விசை அதிகம். ஆகவே மூளை சில தசை நார்களை மட்டுமே வேலைக்குக் கூப்பிடுகிறது. பாரமெல்லாம் அந்தச் சில நார்களின் தலையில். ஒவ்வொரு நாரும் சார்க்கோமியர் என்ற சுருங்கும் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி, ஒரு கண்ணியின் நீளம் மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு. அவற்றில் சொத்தையானவை முதலில் அளவுக்கு மீறி நீண்டு, பழையபடி கோத்துக்கொள்ள முடியாமல் போகின்றன. அப்புறம் கால்சியம் கசிகிறது, வீக்கம் வருகிறது, நரம்பு முனைகள் கூசத் தொடங்குகின்றன. இதெல்லாம் நடந்தேற ஒன்றிரண்டு நாள் ஆகும். செவ்வாய்க்கிழமைக் கணக்கு சரியாகிவிட்டதா?

இந்தச் சிக்கனத்தை 1952இல் இங்கிலாந்தில் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைத் தடுக்க வேண்டும். தடுத்தவர் பிரெண்டா பிக்லாண்ட் என்ற சிறிய உருவப் பெண். மிதித்த தாட்டிகமான ஆண்தான் சீக்கிரம் களைத்துப்போனார். நம்மூரில் யாராவது இரண்டு பழைய சைக்கிளுக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தால், 'இதனால் என்ன பயன்?' என்ற கட்டத்தைத் தாண்டுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு தடவை அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை எளிதாகத் தாங்கும். 1994இல் வெளியான ஆய்வில், சரிவில் இறங்கி ஓடிய எலிகளின் தொடைத் தசையில், ஏறி ஓடிய எலிகளுக்கு இருந்ததைவிட அதிகக் கண்ணிகள் இருந்தன. சங்கிலி நீண்டால் ஒவ்வொரு கண்ணியும் நீள வேண்டியது குறையும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி தோரணமலை போனோம். இந்த முறை ஐந்தாவதாக ஒருவன் சேர்ந்துகொண்டான், எங்களைவிடப் பத்து வயது இளையவன், இறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாவினான். செவ்வாய்க்கிழமை நான் வண்ணார்பேட்டையில் கம்பியைத் தொடாமலே இறங்கினேன். பத்து மணிக்கு அவனிடமிருந்து போன்: "அண்ணே, குத்தவச்சா எந்திரிக்க முடியலயே."