படிக்கும் முன்பே பிடிபடுவது: எழுத்தின் வகையை மூளை கண்டுகொள்ளும் விதம்

ஓசூர்ப் பக்கத்து வீடுகளுக்குத் தமிழில் மட்டும் அழைப்பிதழும் நோட்டீசும் வருவதில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வரும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்கூட எது கல்யாணம், எது கருமாதி, எது பேங்க் நோட்டீஸ் என்பதில் தடுமாற மாட்டார். மூலைகளில் மஞ்சள், உச்சியில் பிள்ளையார், நடுவில் பெரிய எழுத்தில் இரண்டு பெயர், அடியில் உறவினர் பட்டியல் இருந்தால் கல்யாணம். கறுப்புக் கரை, ஒரே ஒரு பெயர், மஞ்சள் இல்லை என்றால் மற்றது. ஒரு எழுத்தும் தெரியாமல் எழுத்தின் வகை தெரிந்துவிடுகிறது.

இதில் பாதி வேலை கண்ணுடையது. வாசிக்கும்போது கண் வரியின் மேல் சீராக நகர்வதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி விநாடி. அப்போது கூர்மையாகத் தெரிவது நடுவில் சுமார் 2 பாகை மட்டும், அதாவது கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கும் அகலம். மற்றதெல்லாம் மங்கல். ஆனால் மங்கலிலும் பத்தியின் வடிவம், இடைவெளி, கட்டம், எழுத்தின் பருமன், நிறம் ஆகியவை அழிவதில்லை. மூளை அவற்றைக் கொண்டு முதலில் வகையை ஊகித்துவிட்டு, அப்புறம்தான் கண்ணை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. கரண்ட் பில் என்றால் தொகைக்கும் கடைசி நாளுக்கும். கல்யாணப் பத்திரிகை என்றால் தேதிக்கும் மண்டபத்துக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாளிதழ்ப் பக்கம், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு வினாத்தாள், ஒரு பத்திர நகல், ஒரு கதைப் பக்கம், ஒரு கட்டுரைப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, எழுத்து எதுவும் படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக்கி, பார்த்திராத ஒருவரிடம் ஒரு விநாடி மட்டும் காட்டுங்கள். பத்திரத்தையும் வினாத்தாளையும் யாரும் குழப்பிக்கொள்வது அரிது. குழம்பினால், பெரும்பாலும் கதைக்கும் கட்டுரைக்கும் இடையில்தான் குழம்புவார்கள். அவை இரண்டும் தாளில் ஒரே மாதிரி நிற்பவை. வித்தியாசம் முதல் இரண்டு வாக்கியங்களில்தான் தெரியும்.

வகை தெரிந்தால் வாசிப்பே மாறுகிறது. உளவியலாளர் ரோல்ஃப் ஸ்வான் 1994இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே பகுதியைச் சிலரிடம் செய்தி என்றும் சிலரிடம் இலக்கியம் என்றும் சொல்லிக் கொடுத்தார். இலக்கியம் என்று நம்பியவர்கள் மெதுவாக வாசித்தார்கள், சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். செய்தி என்று நம்பியவர்களுக்குச் சொற்கள் மறந்தன, நடந்தது என்ன என்பது நன்றாக நின்றது. அதற்கு முன் 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் துணி துவைப்பதைப் பூடகமாக விவரிக்கும் ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். தலைப்பை முன்கூட்டியே சொன்னவர்களுக்குப் புரிந்தது, நினைவிலும் நின்றது. வாசித்து முடித்த பிறகு சொன்னதால் பயனில்லை. அதனால் அடையாளம் எதுவானாலும் முன்னால் இருந்தாக வேண்டும்.

வகையைக் காட்டும் எல்லா மரபும் ஒரே எடை கொண்டதல்ல. எது வெறும் அலங்காரம், எது பாரம் தாங்குவது என்று அறிய எளிய வழி, அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது. பத்திரிகையிலிருந்து பிள்ளையாரை எடுத்தாலும் அது பத்திரிகைதான். சுவரொட்டியிலிருந்து ‘கண்ணீர் அஞ்சலி’, ‘தோற்றம்’, ‘மறைவு’ மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிறந்தநாள் வாழ்த்து. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவ்விரண்டுக்கும் ஒரே சிரித்த முகம்தானே!

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதைவிடப் பழைய சான்று வயல் வரப்பிலேயே நிற்கிறது: நடுகல், அதாவது மாண்ட வீரனுக்கு நட்ட நினைவுக்கல். பல்லவர் காலத்து நடுகற்களில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் இருக்கும் வாசகம் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ‘கோவிசைய’ என்று தொடங்கி மன்னன் பெயர், ‘பருமற்கு’, அதாவது வர்மனுக்கு. அடுத்து ‘யாண்டு’, ஓர் எண், ‘ஆவது’. அடுத்து ஊரும் தலைவனும். அடுத்து தொறு, அதாவது மாட்டு மந்தை, கொள்ளப்பட்டதோ மீட்கப்பட்டதோ. கடைசியில் இறந்தான் என்று பொருள்படும் ‘பட்டான்’, வீரன் பெயர், ‘கல்’. இதே ஊர்ப்பக்கம் நிலக்கொடைக் கல்வெட்டும் கிடைக்கும். அது ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று மங்கலமாகத் தொடங்கும். முடிவில், கொடையை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது போன்ற சாபம் இருக்கும். நடுவில் பாதி தேய்ந்திருந்தாலும் தலையும் வாலும் கிடைத்தால் எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

கல்வெட்டு வாசிப்பவர்களுக்கு இந்த வார்ப்பு ஒரு கருவி. கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கும் மைப்படியில் எழுத்து எப்போதும் தெளிவாக விழாது. பிற்கால வட்டெழுத்தில் ப, வ இரண்டும் பார்வைக்கு நெருக்கம்; மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. தனியாகப் பார்த்தால் ‘வட்டான்’ என்றும் படிக்கத் தோன்றும். அந்த இடத்தில் ‘பட்டான்’தான் வர முடியும் என்று வார்ப்பு சொல்கிறது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது: எதிர்பார்ப்பு கூடினால், இல்லாத எழுத்தும் கண்ணுக்குத் தெரியும். ‘யாண்டு’க்குப் பின் ஓர் எண் வந்தாக வேண்டும் என்பது உறுதி, அது எந்த எண் என்பதை வார்ப்பு சொல்லாது. ஊகித்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் போட்டு அச்சிடும் வழக்கம் இதற்காகத்தான்.

வார்ப்பும் மாறாமல் இருந்ததில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து உள்ள நடுகல்லில் மன்னனும் இல்லை, ஆண்டும் இல்லை. ஊரும் ஆகோளும், அதாவது மாடு கவர்தலும், ஆளும் கல்லும் மட்டுமே. நம் வட்டாரத்தில் நடந்தது வேறு மாற்றம். வட்டெழுத்து வாசிப்பவர் இல்லாமல் போனபோது வாசகம் ஊமையானது. வில்லும் வாளும் ஏந்திய உருவம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பல இடங்களில் அந்தக் கல் இன்று வேடியப்பன். எண்ணெய்க் காப்பும் பொங்கலும் உண்டு. பட்டவன் பெயர் யாருக்கும் தெரியாது. நினைவுக்கல் என்ற வகையிலிருந்து சாமி என்ற வகைக்கு அது போனதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படிப் போனதால்தான் பல கற்கள் உடைபடாமல் நின்றன.

வகையின் அடையாளத்தைச் சரியாக எழுதாவிட்டால் இன்று என்ன ஆகும் என்பதைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுக்களில் பார்க்கலாம். அனுப்புநர், பெறுநர், ஐயா எல்லாம் ஒழுங்காக இருக்கும். ‘பொருள்’ என்ற இடத்தில் ‘உதவி கோரி மனு’ என்று மட்டும் இருக்கும். மனு எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதை அந்த ஒற்றை வரிதான் காட்ட வேண்டும். ‘பட்டா பெயர் மாற்றம், கிராமம், சர்வே எண்’ என்று இருந்தால் மேற்கொண்டு வாசிக்காமலே வருவாய்த் துறைக்குப் பிரிக்கலாம். ‘உதவி கோரி மனு’ என்று மட்டும் போட்டவருக்கு உள்ளே பக்கம் பக்கமாக எழுதியும் பயன் குறைவு.

மரபைத் திருடவும் முடியும். மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய் விடுமுறை அறிவிப்புகள் எந்த வடிவத்தில் வருகின்றன என்று கவனியுங்கள். அரசாணை வடிவத்தில் வருவது அபூர்வம். அதில் சுருக்கம், துறை, அரசாணை எண், நாள், திருவள்ளுவர் ஆண்டு, ‘படிக்கப்பட்டது’, ‘ஆணை’, ‘ஆளுநரின் ஆணைப்படி’, பெறுநர் என்று வரிசை நீளம். ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் ஆபீஸ் பழக்கம் உள்ளவர் கண்ணில் உறுத்தும். நியூஸ் கார்டுக்கோ ஒரு லோகோ, ஒரு படம், இரண்டு வரி, சிவப்புப் பட்டை போதும். பாரம் தாங்கும் அடையாளம் குறைந்த வகையே போலிக்கு வசதி. அதைவிடத் தந்திரமானது, பொய்யே இல்லாத பழைய கார்டு. அதில் எல்லாம் உண்மை, தேதி மட்டும் போன வருடத்தது. தேதியை மூலையில் மிகச் சிறிய எழுத்தில் வைப்பதே அந்த வகையின் வழக்கம் என்பதால், கண் ‘விடுமுறை’ என்ற சொல்லில் நிற்கும்போது அது மங்கலில் போய்விடுகிறது. அனுப்புகிறவர் அந்த மூலையை வெட்டிவிட்டிருந்தாலும் கார்டு கார்டாகவே தெரியும்.