சலித்த மண்ணில் முயல் கால்

புதைபடிவம் என்றாலே மண்டையோடு, கோரைப்பல் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். தொல்லுயிர் ஆய்வில் இருக்கும் எங்களுக்கு, முயல் கூட்டத்தைப் பொறுத்தவரை பின்னங்கால் கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி.

குஜராத்தில், சூரத்துக்கு வடகிழக்கே வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த சில குதிகால், கணுக்கால் எலும்புகளைப் பற்றி 2008-இல் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் கென்னத் ரோஸும் இந்திய, பெல்ஜிய ஆய்வாளர்களும் எழுதினார்கள். வயது சுமார் 5.3 கோடி ஆண்டுகள். அதுவரை இந்தியத் துணைக்கண்டத்தில் தெரிந்திருந்த முயலினப் படிவங்களைவிட மூன்றரைக் கோடி ஆண்டுகள் பழையவை. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. பாதி அடையாளங்கள் வேகமாக ஓடும் முயலுடையவை. மீதி, பாறை இடுக்கில் வாழும் சிறுகாது பைக்கா விலங்கை ஒத்தவை.

கால் இவ்வளவு பேசுமா? பேசும். முயலினத்தின் குதிகால் எலும்பைச் சாய்வாகத் துளைத்தபடி ஒரு மெல்லிய கால்வாய் ஓடும். எலியிலும் அணிலிலும் அதைப் பார்க்க முடியாது. மங்கோலியாவில் கிடைத்த, முயலின் பழங்கால உறவான கோம்ஃபோஸ் இன்னொரு உதாரணம்: பின்னங்கால் முயலைப்போல நீண்டிருக்கும், வாலோ குட்டை இல்லை. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் நேர்மாறான கதை. 2011-இல் விவரிக்கப்பட்ட நூராலாகஸ் சுமார் 12 கிலோ எடை. துரத்த ஆளில்லாத தீவில் துள்ளலையே மறந்துவிட்ட முயல். அதையும் எலும்புக்கூடுதான் காட்டிக்கொடுத்தது.

இப்படிப்பட்ட எலும்புகள் வெறுங்கண்ணில் படுவது அபூர்வம். மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நீரில் ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, எஞ்சியதை உருப்பெருக்கியின் கீழ் பொறுக்குகிறோம். சலிப்பான வேலை, இரண்டு அர்த்தத்திலும்!

சரி, சுரங்கத்திலோ கிணறு வெட்டும் இடத்திலோ இருப்பவர்கள் என்ன செய்யலாம்? பெரிய எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். எந்த அடுக்கு, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த அடுக்கு என்று தெரியாத எலும்பின் வயதைச் சொல்வது எங்களுக்கு மிகவும் கடினம். வீட்டுக்குக் கொண்டுபோய் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், சின்ன முனைகள்தான் முதலில் உடையும். அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். போன வாரம் செத்த முயலின் எலும்பாகவே இருந்தாலும் பரவாயில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதுவும் தேவைதான்.