அடிப்படைச் சுரங்கப்பாதையா, அடிவாரச் சுரங்கப்பாதையா?

சூரிச்சில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, மிலானுக்குப் போகும்போது நான் கடப்பது அடிப்படைச் சுரங்கப்பாதையாம். அப்படியென்றால் சகல வசதிகளோடு இன்னொன்று எங்காவது இருக்கிறதா?" தமிழ்ச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டுத்தான் கேலி செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பிரென்னர் கணவாய்க்கடியில் புதிய ரயில் பாதைக்கு முன்னோடியாக ஆஸ்திரியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தோண்டிவந்த ஆய்வுச் சுரங்கம் 2025 செப்டம்பரில் ஒன்றாக இணைந்ததிலிருந்து இந்த 'அடிப்படை' கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலத்தில் பேஸ் டனல், ஜெர்மனில் பாசிஸ்டுன்னல். 'பேஸ்' என்பது லத்தீன் வழியாகக் கிரேக்க 'பாசிஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. காலடி, கால் ஊன்றும் பீடம் என்று பொருள். மலையைப் பற்றிப் பேசும்போது அது மலையின் அடி. சொற்பிறப்பில் இதற்கு மேல் நமக்கு வேலை இல்லை.

பொருளை விளங்கிக்கொள்ள, அக்கா மகன் கடக்கும் சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலையே போதும். அங்கே 1882-இல் திறந்த பழைய பாதையில் ரயில் முதலில் மலையேற வேண்டும். வாசன் என்ற ஊரருகே தண்டவாளம் மலைக்குள் சுருண்டு சுருண்டு ஏறுகிறது. சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஊரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், பிறகு கண்ணுக்கு நேராக, கடைசியில் காலுக்குக் கீழே என மூன்று முறை தெரியும். அப்படி ஏறிச் சுமார் 1,100 மீட்டர் உயரத்தை எட்டிய பிறகுதான் 15 கிலோமீட்டர் சுரங்கம் தொடங்கும். 2016-இல் திறந்த புதிய சுரங்கப்பாதையின் நீளம் 57 கிலோமீட்டர். அதன் வடக்கு வாய் சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே மிக உயர்ந்த இடமே 550 மீட்டர்தான். அடிவாரத்தில் நுழைந்து மறுபக்க அடிவாரத்தில் வெளியே வருகிறது ரயில். ஏற்றம் குறைந்ததால் வேகம் கூடியது, கனத்த சரக்கு ரயில்களுக்கும் வழி எளிதானது. தேவாலயம்தான் தெரியாது.

பழைய வகைக்கு ஜெர்மனில் ஷைட்டல்டுன்னல் என்று பெயர். ஷைட்டல் என்றால் உச்சந்தலை. நம் 'உச்சி'யும் தலைக்கும் மலைக்கும் பொதுவான சொல்தானே. மேலே உச்சி, கீழே அடி: இந்த எதிரிணையில்தான் 'பேஸ் டனல்' என்ற பெயரின் உயிர் இருக்கிறது.

'அடிப்படை' அந்த உயிரைத்தான் வாங்குகிறது. அடிப்படைச் சம்பளம், அடிப்படை வசதி, அடிப்படை உரிமை என்றெல்லாம் பழகிய காதுக்கு அடிப்படைச் சுரங்கப்பாதை என்றால் விளக்கும் விசிறியும் மட்டும் உள்ள மலிவுப் பதிப்பு என்றே படும். அகராதியில் 'பேஸ்' என்ற தலைச்சொல்லுக்கு எதிரே முதலில் நிற்பதை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. மலையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதைச் சொன்னபோது மெய்ப்புத் திருத்தும் நண்பர் 'அடித்தளச் சுரங்கம்' என்று மாற்றித் தந்தார். இது இன்னும் மோசம் என்பேன். தளம் என்பது கட்டடத்துக்கு உரியது, மனிதன் போடுவது. மலைக்கு யார் அடிக்கல் நாட்டினார்கள்? வணிக வளாகத்தில் கார் நிறுத்தும் கீழ்த்தளம்தான் கண்முன் வருகிறது. நண்பர் விடவில்லை. "மலைக்கு அடியில் 2,000 மீட்டருக்கும் மேல் பாறையைச் சுமந்துகொண்டு போகிறதே, ஆழ்சுரங்கம் என்று வைத்துக்கொள்ளலாமே" என்றார். ஆழம் என்றால் இறங்க வேண்டும் ஐயா! கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கினார்கள், 3 கிலோமீட்டருக்கும் கீழே. கோட்ஹார்ட்டில் ஒருவரும் இறங்குவதில்லை. ரயில் தரைமட்டத்தில் நுழைகிறது. உயர்ந்து நிற்பது மலை.

பிறகு தூய்மைவாதிகள். 'சுரங்கம்' வடமொழிச் சுருங்காவாம், அதற்கும் முன்னே குழலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாம். ஆகவே 'குடைவரை' என்க என்கிறார்கள். அவர்கள் சொல்லும் பிறப்பு சரியாகவே இருக்கட்டும். மதுரைக்குள் நுழையும் கோவலன் அகழியருகே யானைகள் போய்வரும் 'சுருங்கை வீதி' வழியே செல்வதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அத்தனை நாள் நம்மோடு இருந்த சொல்லுக்கு இனியா குடியுரிமை கேட்பது? குடைவரை என்பது மாமல்லபுரத்திலும் பிள்ளையார்பட்டியிலும் இருப்பது. உள்ளே போனால் சுவரும் சாமியும் உண்டு, மறுபக்க வாசல் கிடையாது. ரயிலை அதற்குள் விட்டால் என்ன ஆகும்? குடைவழி என்றாலாவது ஏற்றுக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு அடிவாரச் சுரங்கப்பாதை. தலைப்பில் இடம் போதாவிட்டால் மலையடிச் சுரங்கம். பழையது உச்சிச் சுரங்கப்பாதை. பழனிக்குப் போய் வந்த எந்தப் பாட்டிக்கும் அடிவாரம் என்றால் எதுவென்று தெரியும். கால், காலடி, கீழ்ப்பகுதி என்று கிரேக்கச் சொல் சுமந்துவந்த அத்தனையையும் 'அடி' என்ற ஈரெழுத்தே சுமக்கிறது. அதன் முதுகில் படையையும் தளத்தையும் ஏற்றியது நாம்தான்.

இதே செய்திகளில் இன்னொரு முள்: 'எல்லை தாண்டிய ரயில் பயணம்'. தமிழ் நாளிதழில் எல்லை தாண்டுவது யார்? பயங்கரவாதி, அல்லது 'எல்லை தாண்டி மீன்பிடித்ததாக' இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் ராமேசுவரத்து மீனவர். அந்தத் தொடரில் குற்றச்சாட்டு ஊறிப்போயிருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் டிக்கெட் வாங்கி இத்தாலியின் வெரோனாவுக்குப் போகிறவர் எதைத் தாண்டினார்? நாடு விட்டு நாடு போகும் ரயில் என்று பாமரரும் சொல்வார்கள். சுருக்கம் வேண்டுமா, இருநாட்டு ரயில். எல்லையிலுள்ள பிரென்னர் நிலையத்தில் ஆஸ்திரிய மின்சாரம் முடிந்து வேறு அழுத்தமுள்ள இத்தாலிய மின்சாரம் தொடங்குகிறது. எல்லையைத் தாண்ட முடியாமல் நிற்பது மின்சாரம் ஒன்றுதான்.

55 கிலோமீட்டர் நீளப் பிரென்னர் பாதையை 2032-இல் திறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். இரண்டு நாடுகள், ஒரே மலையடி. 'எல்லை தாண்டிய அடிப்படைச் சுரங்கப்பாதை' என்ற தலைப்பு இப்போதே ஏதோ ஒரு மேசையில் தயாராக இருக்கும்.