கிரேஹவுண்டுக்கு மயக்கம் தெளிந்த பிறகுதான் கவனம் வேண்டும்

போன வாரம் ஒரு கிரேஹவுண்டை, அந்த ஒல்லியான ஓட்டப்பந்தய இன நாயை, தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தொடையில் இருந்த சின்னக் கட்டியை இரண்டு நாள் முன்பு வேறோர் இடத்தில் எடுத்திருக்கிறார்கள். ஐந்து தையல். மயக்கம் தெளிந்து, தானே நடந்து போய் வண்டியில் ஏறி, அன்று இரவே சாப்பிட்டும் இருக்கிறது. மறுநாள் மாலை தையலோரம் கொஞ்சம் ரத்தம் கசிந்தபோது துடைத்துவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் தொடையிலிருந்து கணுக்கால் வரை கருநீலமாகக் கன்றி, ஈறு வெளுத்து, எழுந்து நிற்கவே முடியவில்லை. "மயக்க மருந்துதான் ஒத்துக்கிச்சே டாக்டர், அப்புறம் எப்படி?" என்று அழுதார் அந்த அம்மா. இதே கேள்வியை வேறு வேறு வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு மனம் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஒத்துக்கிச்சே" பற்றிப் பேச வேண்டும். கிரேஹவுண்டுக்கு மயக்க மருந்து அலர்ஜி என்று யாரோ சொல்லி, அது வாய் வழியாகவே பரவி, வளர்க்கிறவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அலர்ஜியே கிடையாது. தயோபென்டோன் என்ற பழைய மருந்தைப் போட்டால் மற்ற நாய்கள் சீக்கிரம் எழுந்துவிடும், கிரேஹவுண்ட் மட்டும் பல மணி நேரம் எழாமல் கிடக்கும். இவற்றின் கல்லீரல் அந்த மருந்தை மெதுவாகத்தான் உடைக்கும், உடம்பில் கொழுப்பும் குறைவு. பிரச்சினை அந்த மருந்துக் குடும்பத்தோடு சேர்ந்தது. இப்போது புரொபோபாலோ அல்பாக்சலோனோ கொடுத்து மயக்கி, ஐசோபுளூரேன் போன்ற வாயுவில் வைக்கிறோம். வாயு மூச்சோடு வெளியே போய்விடும். புரொபோபாலில் எழ மற்ற நாய்களைவிடக் கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். இந்தப் பயத்தால் பல் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டு, தாடை சீழ் பிடித்த பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். "முழு மயக்கம் வேண்டாம், லேசா தூங்க ஊசி மட்டும் போடுங்க" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தொண்டையில் குழாய் இல்லாமல், ஆக்சிஜன் இல்லாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும் நாயைப் பார்த்தால்தான் எனக்கு அதிகப் பயம். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

2002 முதல் 2004 வரை பிரிட்டனில் 98,036 நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, எல்லா இனமும் சேர்த்து. ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தை ஒட்டி இறந்தவை ஏறக்குறைய 2,000க்கு ஒன்று. மொத்தமாக இறந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி, ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தவை, அதிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்தில். அதனால் என்ன மருந்து என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், தெளியும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

சரி, கிரேஹவுண்டுக்கே உரிய ஆபத்து ரத்தக்கசிவு. ரத்தம் ஒழுங்காகத்தான் உறையும், ஆனால் உறைந்த கட்டி நேரத்துக்கு முன்பே கரைந்துவிடும். அதனால் அறுவை மேசையில் எல்லாம் நன்றாக இருக்கும், ஒன்றரை இரண்டு நாள் கழித்துக் கசியத் தொடங்கும். கருத்தடை செய்த கிரேஹவுண்டுகளைக் கவனித்த ஓர் ஆய்வில் கால்வாசி நாய்களுக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்குள் இப்படி ஆகியிருக்கிறது. ரத்தம் உறைவதைப் பார்க்கும் வழக்கமான பரிசோதனைகள் நார்மல் என்றே வரும், அதை நம்பி உட்காரக் கூடாது. உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் அமினோகேப்ரோயிக் அமிலமோ டிரானெக்சாமிக் அமிலமோ முன்கூட்டியே கொடுத்துச் சில நாள் தொடர்ந்தால் இது வெகுவாகக் குறைகிறது. சின்ன ஆபரேஷன்தானே என்று அதை விட்டுவிடுகிறார்கள், என் கோபம் முழுக்க அங்கேதான். ஒரு பல் பிடுங்குவதானாலும் இந்த மருந்தைக் கேளுங்கள்.

இன்னொன்று, இது என்னைப் போன்ற கால்நடை டாக்டர்களுக்கும் சேர்த்து. மற்ற நாய்களுக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 முதல் 55 சதவீதம், இவற்றுக்கு 50க்கு மேல், 60ஐத் தாண்டுவதும் சகஜம். 40 என்று அறிக்கை வந்தால் நார்மல் என்று அச்சாகியிருக்கும், அந்த நாயோ நிறைய ரத்தத்தை இழந்திருக்கும். நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பரிசோதித்துத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் ஈறைத் தூக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கன்றிய இடத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், கோட்டைத் தாண்டிப் பரவினால் நள்ளிரவானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். காயத்தின் மேலே இன்னொரு துணியை இறுக்கிக் கட்டாதீர்கள். கொழுப்பும் முடியும் இல்லாத உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், கம்பளி போர்த்துங்கள், சுடுதண்ணீர்ப் பையை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள், அந்த மெல்லிய தோல் வெந்துபோகும். உங்கள் மாத்திரை டப்பாவில் இருக்கும் ஐபுபுரூபனை ஒருபோதும் கொடுக்காதீர்கள், குடல் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். தையல் பிரிக்கும் வரை ஓட்டம் கிடையாது, பாவமாக முகத்தைப் பார்த்தாலும் கிடையாது.

அந்த நாய்க்கு ரத்தம் ஏற்றினோம், மருந்து கொடுத்தோம், நான்காம் நாள் எழுந்து நின்றது. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் இரண்டு ஆடுகிறது, அதை எடுக்கத்தான் வேண்டும், மயக்கம் கொடுத்துத்தான். அடுத்த மாதம் செய்யலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், இந்த முறை மருந்தை முதலிலேயே ஆரம்பித்துவிடுவோம்.