நெகட்டிவ் என்றால் ‘இல்லை’யா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவைச் சுற்றி மட்டும் நாலைந்து ரத்தப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. சாயங்காலம் அந்த வாசல்களில் ரிப்போர்ட் வாங்க ஆட்கள் நிற்பார்கள். காகிதத்தைப் பிரித்ததும் கண் தேடுவது ஒரே சொல்லைத்தான். அது கிடைத்தவுடன் வீட்டுக்குப் போன் போகும்: “நெகட்டிவ்னு வந்துடுச்சு. ஒண்ணும் இல்லையாம்.”

முதல் வாக்கியம் சரி. இரண்டாவதை ரிப்போர்ட் சொல்லவில்லை, நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். மழைக்காலத்தில் என் அக்கா மகனுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள்தான் ரத்தம் கொடுத்தான். டெங்குவுக்கு என்.எஸ்.1 மட்டும் பார்த்தார்கள், நெகட்டிவ். அன்றைக்கே காய்ச்சலும் விட்டிருந்தது. அவ்வளவுதான் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டான். மறுநாள் வயிற்றுவலி, நிற்காத வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்து மறுபடி ரத்தம் எடுத்தபோது பிளேட்லெட் சரிந்திருந்தது, ஐ.ஜி.எம். பாசிட்டிவ். நல்லபடியாகத் தேறி வந்தான்.

முதல் ரிப்போர்ட் தப்பு என்று அக்கா இன்னும் சொல்கிறாள். தப்பு இல்லை. என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் நன்றாகக் கிடைக்கும், அப்புறம் குறைந்துகொண்டே போகும். ஐ.ஜி.எம். நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம். அது தலைகாட்டவே ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். ஆறாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் பார்ப்பது, வண்டி போன பிறகு பஸ் ஸ்டாப்பில் ஆள் தேடுவது போல. போதாததற்கு, டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கையில் ‘நெகட்டிவ்’ இருந்தால் யாருக்குத்தான் நிம்மதி வராது?

சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘நெகாரே’ என்றால் மறுத்தல். அதிலிருந்து வந்ததுதான் நெகட்டிவ். ஆங்கிலத்தில் அது போன இடமெல்லாம் வேறு வேறு வேலை செய்கிறது. ஸ்டூடியோக்காரர் “நெகட்டிவைப் பத்திரமா வைங்க” என்று உறையில் போட்டுக் கொடுத்தாரே, அதற்கு அந்தப் பெயரை 1840இல் புகைப்படக் கலைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். அங்கே அதற்கு ஒளியும் இருளும் மாறிய படம் என்று அர்த்தம்.

தமிழ் இந்த ஒரே சொல்லை இடம் பார்த்துப் பிரித்துக்கொண்டது. கணக்கில் குறை எண். மின்சாரத்தில் எதிர் மின்னூட்டம். இலக்கணத்தில் எதிர்மறை: செய்யான், வாராத, செல்லாக் காசு. ஒவ்வொரு துறையும் தனக்குப் பொருந்தியதை எடுத்துக்கொண்டது. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் யாரும் நின்று யோசிக்காமல் ‘எதிர்மறை’யை அப்படியே ஒட்டிவிட்டார்கள். எதிர்மறை எண்ணம், எதிர்மறை விமர்சனம் என்று கெட்டதைக் குறிக்கப் பழகிவிட்ட சொல் அது. ‘டெங்கு: எதிர்மறை’ என்று படிக்கும் பாட்டி பயப்படுவதா, சந்தோஷப்படுவதா?

‘இல்லை’ என்று போடலாமா? ஒரு இடத்தில் அது கச்சிதமாகப் பொருந்தும். ரத்த வகையில் ஓ நெகட்டிவ், பி நெகட்டிவ் என்கிறோமே, அங்கே சிவப்பணுவின் மேல் ‘ஆர்.எச். டி’ என்ற புரதம் இல்லை என்பதுதான் பொருள். அது நோயும் இல்லை, குறையும் இல்லை. கர்ப்பிணி நெகட்டிவ் வகையாக இருந்தால் டாக்டர் கவனமாகப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஆன்டி-டி ஊசி போடுவார், அவ்வளவுதான். ஆனால் நோயைத் தேடும் பரிசோதனையில் ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் அந்தக் காகிதத்துக்குக் கிடையாது.

எனக்குச் சரியான சொல் கிடைத்தது காசிமேட்டில்தான். விடியற்காலையில் கரை திரும்புகிறவர்களிடம் “எப்படிண்ணே?” என்று கேட்டால், “இன்னிக்கு மீன் படல” என்பார்கள். கடலில் மீன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இந்த வலையில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் படவில்லை. வலையின் கண் பெரிதாக இருந்திருக்கலாம், கூட்டம் வேறு பக்கம் போயிருக்கலாம். பட்டதன் கணக்குதான் மீன்பாடு. ‘தென்படவில்லை’ என்பதிலும் அதே ‘படு’ இருக்கிறது. ரத்தப் பரிசோதனையின் நெகட்டிவுக்கு நான் வைக்கும் தமிழ் அதுதான்: தென்படவில்லை.

வைத்துப் பாருங்கள், அடுத்த கேள்வி தானாக வரும். மலேரியா தென்படவில்லை. எத்தனை தடவை பார்த்தார்கள்? விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் துண்டில் தடவும் ரத்தத்தில், கிருமி குறைவாக இருந்தால் முதல் தடவை கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் சந்தேகம் தீராதபோது மறுபடி எடுக்கிறார்கள். எச்.ஐ.வி. தென்படவில்லை. எப்போது எடுத்தது? எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையில் அது தெரிய 3 மாதம் வரைகூட ஆகலாம். அந்த ரிப்போர்ட்டில் சில இடங்களில் ‘நான் ரியாக்டிவ்’ என்று அச்சிட்டிருப்பார்கள், ‘வினை காட்டவில்லை’ என்று அர்த்தம். நெகட்டிவை விட நேர்மையான சொல்.

காசநோய்க்கு இன்னொரு கேள்வி: தேடிய இடமே சரியா? வியாசர்பாடியில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற ஒருவர் “பிளட் டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல” என்று சொன்னால் எனக்குக் கவலைதான் வரும். நுரையீரல் காசநோயைச் சளியில் தேட வேண்டும். எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துக் காசநோய் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளை நம்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னது. 2012இல் இந்தியா அவற்றைத் தடை செய்தது.

கேட்காததை ரத்தம் சொல்வதும் இல்லை. ‘முழு ரத்தப் பரிசோதனை’ என்ற பெயரே ஏமாற்றும். அதில் எண்ணுவது அணுக்களையும் ஹீமோகுளோபினையும்தான். எண்ணூர், மணலிப் பக்கம் புகையிலும் சாம்பலிலும் வாழ்கிறவர்கள் உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று அறிய நினைத்தால், அதற்கென்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

பாசிட்டிவுக்கும் இதே கவனம் வேண்டும். டைபாய்டுக்கு இன்னும் பல இடங்களில் எடுக்கும் வைடால் பரிசோதனை 1896இல் வந்தது. முன்பு எப்போதோ வந்துபோன தொற்றோ தடுப்பூசியோகூட அதில் பாசிட்டிவ் காட்டலாம். ‘தென்பட்டது’ என்று சொன்னால், தென்பட்டது இன்றைய கிருமியா, பழைய தடமா என்று கேட்க இடம் இருக்கிறது.

அக்கா வீட்டில் இப்போது ரிப்போர்ட் வந்ததும் ஓரத்தில் பேனாவால் எழுதி வைக்கிறார்கள். போன வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். நான் பார்த்தபோது எழுதியிருந்தது: “டெங்கு தென்படவில்லை. என்.எஸ்.1 மட்டும். காய்ச்சல் 2ஆம் நாள். வெள்ளிக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்கணும்.”