ஸ்டெல்த்: சொல்லின் வரலாறும் தமிழில் அதற்கு ஈடான சொல்லும்

காணொளி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் 'ஸ்டெல்த்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தாள்கின்றனர். போர் விமானங்களைப் பற்றிய செய்திகளிலும் இதே சொல் வருகிறது. அங்கே பல சமயம் 'ரேடாரில் சிக்காத' என்ற அடைமொழி இதற்கு ஈடாக நிற்கிறது. விளையாட்டுக்கு அந்த அடைமொழி உதவாது. ஆட்டக்காரர் தம் பாத்திரத்தைக் காவலரின் கண்ணிலும் காதிலும் படாமல் நடத்திச் சென்று, கூடுமானவரை மோதலுக்கு இடங்கொடாமல் பணியை முடிக்கும் ஆட்டமுறையையே இச்சொல் இங்கே குறிக்கிறது. சுட்டுத் தள்ளிக்கொண்டே முன்னேறும் விளையாட்டுகளில் எதிரி அகற்றப்பட வேண்டிய தடை மட்டுமே. இம்முறையிலோ அவன் எங்கே பார்க்கிறான், எப்போது திரும்புகிறான், எந்த ஓசையைக் கேட்டால் நின்று கவனிப்பான் என்பதை அறிந்துகொள்வதே ஆட்டத்தின் பெரும்பகுதி.

ஆங்கிலத்தில் இச்சொல், திருடுதலைக் குறிக்கும் 'ஸ்டீல்' என்ற வினையிலிருந்து பிறந்தது. (தமிழ் எழுத்தில் ஒன்றுபோல் தோன்றினாலும் எஃகைக் குறிக்கும் 'ஸ்டீல்' வேறு சொல், இரண்டுக்கும் உறவில்லை.) குணப்படுத்துதலைக் குறிக்கும் 'ஹீல்' என்ற வினையோடு உறவுடையதாக 'ஹெல்த்' அமைந்திருப்பதைப் போல, 'ஸ்டீல்' என்பதன் பக்கத்தில் 'ஸ்டெல்த்' அமைந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இதன் பொருள் திருட்டு என்பதே. திருடுபவன் பிறர் அறியாமல் இயங்குவான் என்பதால், செயலின் பெயர் மெல்ல மெல்ல அச்செயலைச் செய்யும் விதத்துக்கு ஆகிவந்தது. பிறகு திருட்டு என்ற பொருள் வழக்கொழிந்து, 'பிறர் அறியாவண்ணம்' என்ற பொருள் மட்டும் எஞ்சியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத் தொழில்நுட்பம் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. 1981இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-117 விமானம், 1988 நவம்பரில்தான் அமெரிக்க அரசால் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன் தட்டையான, பல கோணங்களில் சாய்ந்த பரப்புகள் ரேடார் அலைகளை வந்த திசைக்கே திருப்பாமல் வேறு பக்கங்களுக்குச் சிதறடித்தன. இருந்தாலும் அது முற்றிலும் கண்டறிய முடியாத விமானம் அன்று. 1999 மார்ச்சில் செர்பியாவில் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. ஸ்டெல்த் என்பது மாயமாக மறைந்துபோதல் அன்று என்பதைத் தமிழ்ச் சொல் தேடும்போது மறந்துவிடக் கூடாது.

விளையாட்டில் இக்கருத்து பெயருக்கு முன்பே வந்துவிட்டது. 1979இல் ஜப்பானில் வெளியான ஒரு சிறு கணினி விளையாட்டில், கடைக்காரர் பார்க்காத நேரத்தில் பொருள்களைத் திருட முயலும் சிறுவனாக ஆட்டக்காரர் ஆட வேண்டும். இவ்வகையின் மிகப் பழைய எடுத்துக்காட்டாகப் பலர் சுட்டும் ஆட்டமே ஒரு திருட்டைப் பற்றியதாக இருப்பது, சொல்லின் வரலாற்றை அறிந்தவருக்குச் சுவையான பொருத்தம். 1981இல் சைலஸ் வார்னர் உருவாக்கிய 'கேசில் வுல்ஃபென்ஸ்டைன்', நாஜிக் கோட்டையிலிருந்து ரகசிய ஆவணங்களோடு தப்புவதை ஆட்டமாக்கியது. காவலரின் சீருடையை அணிந்துகொண்டு அவர்களிடையே நடக்கவும் அதில் வழி இருந்தது.

1987இல் கோனாமி நிறுவனத்தில் ஹிடியோ கோஜிமா வடிவமைத்த 'மெட்டல் கியர்' தோன்றியதற்குக் கலைநோக்கு மட்டும் காரணமன்று. போர் விளையாட்டு ஒன்றைச் செய்யும்படி அவரிடம் கேட்கப்பட்டது. ஆனால் அது இயங்க வேண்டிய எம்எஸ்எக்ஸ் 2 கணினியால் பல வீரர்களையும் பறக்கும் குண்டுகளையும் ஒரே திரையில் சேர்த்துக் காட்ட இயலவில்லை. எதிரிகள் குறைவாக இருந்தாலும் பதற்றம் குறையாத ஆட்டம் எது என்ற கேள்விக்கு, சண்டையிடுவதை விட்டு ஒளிந்து செல்லுதல் என்பது விடையாயிற்று. வசதிக் குறைவு ஒரு விளையாட்டு வகைக்கே வழிவிட்டதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இவ்வகை உலகெங்கும் தனி வகையாக நிலைபெற்ற ஆண்டு 1998. 'டென்சூ', 'மெட்டல் கியர் சாலிட்', 'தீஃப்' என்ற மூன்றும் அவ்வாண்டில் வெளியாயின. 'தீஃப்' என்றால் திருடன். வேரில் கிடந்த பழைய பொருள் இங்கே தலைப்பாகவே மேலெழுந்து வருகிறது. அதில் ஆட்டக்காரர் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறார் என்பதைத் திரையின் அடியில் ஒரு மணிக்கல் ஒளிர்ந்தும் மங்கியும் காட்டும். கல்தளத்தில் நடந்தால் காலடி ஒலிக்கும், கம்பளத்தில் ஒலிக்காது. 'மெட்டல் கியர் சாலிட்' இதே கருத்தைத் திரைப்பட மொழியோடு இணைத்தது. அலாஸ்காவை ஒட்டிய ஒரு தீவில் உள்ள அணு ஆயுதத் தளத்துக்குள் தனியாளாக நுழையும் வீரனின் கதை அது. திரையின் மூலையில் உள்ள ரேடாரில் ஒவ்வொரு காவலனின் பார்வையும் ஒரு விசிறி போல விரிந்து தெரியும். பனியில் பதிந்த காலடித் தடத்தைக் காவலர் பின்தொடர்ந்து வருவர். சுவரைத் தட்டி அவர்களை வேறு பக்கம் இழுக்கலாம். அட்டைப் பெட்டிக்குள் புகுந்துகொண்டு அசையாமல் இருக்கலாம். கண்டுகொண்டால் காவலனின் தலைமேல் ஒரு வியப்புக்குறி தோன்றும். அதோடு வரும் ஒலியை அந்த ஆட்டத்தை ஆடியவர் எளிதில் மறக்கமாட்டார்.

ஆட்டத்தின் நடுவே கதை சொல்லும் அதன் இடைக்காட்சிகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே படமாக்கி ஒட்டப்பட்டவை அல்ல. ஆட்டம் ஓடும் அதே உருவங்களைக் கொண்டு அந்நேரத்திலேயே வரையப்பட்டவை என்பதால், ஆட்டத்திலிருந்து காட்சிக்கும் காட்சியிலிருந்து ஆட்டத்துக்கும் கண் உறுத்தாமல் மாற முடிந்தது. காத்திருப்பதையும் கூர்ந்து கேட்பதையும் கோரும் ஆட்டமுறை திரைப்படத்தின் நிதானத்துக்கு இயல்பாகவே இடங்கொடுக்கிறது என்றே எண்ணுகிறேன். ஆடுவதைவிடப் பார்ப்பது மிகுதி என்று 'மெட்டல் கியர் சாலிட்' தொடரின் மீது சொல்லப்படும் குறை, 2008இல் வந்த நான்காம் பகுதியைப் பொறுத்தவரை நியாயமானதே.

1998இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' ஆட்டத்தின் உறையில் அச்சிடப்பட்ட வகைப்பெயரில் 'ஸ்டெல்த்' இல்லை. தந்திரம், ஒற்று, அதிரடி என்ற மூன்று கருத்துகளைச் சேர்த்த ஒரு தொடரே அதில் இருந்தது. ஆட்டத்தினுள் 'ஸ்டெல்த்' என்பது அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் ஒரு கருவியின் பெயரில் வருகிறது. ஆட்டமுறைக்கு ஜப்பானியர் ஆளும் 'சென்ன்யூ' என்ற சொல் நீரில் மூழ்குதல், நுழைதல் ஆகிய இரண்டு பொருள்களின் சேர்க்கை. பிரெஞ்சு மொழியினர் ஊடுருவல் விளையாட்டு என்று பொருள்படப் பெயரிட்டனர். ஸ்பானிய மொழியினர் ஆளும் 'சிஹிலோ' முத்திரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்து ரகசியத்தைக் குறிப்பது. ஆக, ஆங்கிலச் சொல்லை அவரவரும் தத்தம் மொழியின் இயல்புக்கு ஏற்பவே எதிர்கொண்டிருக்கின்றனர்.

தமிழில் எளிதாக நாவுக்கு வரும் சொற்கள் சில உண்டு. 'மறைவு' பொதுச்சொல், இறப்பையும் குறிப்பதால் வகைப்பெயராக வைக்கத் தயக்கம் எழுகிறது. 'ஒளிதல்' சிறுவர் ஆட்டத்தை நினைவூட்டுவதோடு ஓரிடத்தில் இருத்தலையே சுட்டுகிறது. 'பதுங்குதல்' நல்ல வினை. ஆனால் அதுவும் அசையாத நிலையையே முதலில் காட்டுகிறது. 'ஊடுருவல்' நுழைவதை மட்டும் சொல்கிறது. படைபலத்தோடு வெளிப்படையாகவும் ஊடுருவ முடியும். 'புலப்படா' என்பது பொருளின் தன்மை. இங்கே தேவைப்படுவதோ ஆளின் செயல்.

ஆங்கிலச் சொல்லின் வழித்தடத்தை அப்படியே ஒத்திருப்பது 'களவு'. திருட்டையும் பிறர் அறியா ஒழுக்கத்தையும் அது ஒருங்கே குறிக்கிறது; அகத்திணையில் காதலர் ஊரறியாமல் கூடுவது களவு எனப்படுகிறது. புறத்திணையிலும் அது உண்டு. 'வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்' என்று தொல்காப்பியம் வெட்சியை வரையறுக்கும்போது, அரசன் ஏவிய வீரர் பகைநாட்டுக்குள் பிறர் அறியாமல் புகுந்து ஆநிரையைக் கொண்டுவருவதைக் களவு என்றே சொல்கிறது. அதன் துறைகளுள் ஒன்றான 'புடைகெடப் போகிய செலவு', பகைவரின் ஒற்றர் உணராதபடி செல்லுதல் என்று விளக்கப்படுகிறது. பொருளால் இதைவிடப் பொருத்தமான முன்னோடி வேண்டியதில்லை. ஆயினும் இன்றைய காதில் களவு என்றால் திருட்டு மட்டுமே. 'களவு விளையாட்டு' என்றால் வாசகர் வேறெதையோ நினைப்பார்.

எஞ்சுவது 'கரவு'. கரத்தல் என்பது உள்ளதை வேண்டுமென்றே பிறர் அறியாதபடி மறைத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற குறளில், கிடைத்ததைப் பிற காக்கைகளுக்கு ஒளிக்காமை 'கரவாமை' ஆகிறது. மறைவு தானாகவும் நேரலாம். கரவு நேராது, செய்யப்படும். விளையாட்டுக்கு வேண்டிய நுட்பம் இதுவே. மூதுரையில் ஒளவையார் 'நஞ்சுடைமை தானறிந்து நாகம் கரந்துறையும்' என்கிறார். நஞ்சில்லாத நீர்ப்பாம்பு அஞ்சாமல் வெளியே கிடக்கும் என்றும் தொடர்கிறார். ஆபத்தானது கரந்திருக்கிறது என்ற இந்த எண்ணம், 'மெட்டல் கியர் சாலிட்' நாயகனின் குறிப்புப்பெயர் 'ஸ்னேக்', அதாவது பாம்பு, என்பதை அறிந்தவருக்கு எதிர்பாராத இன்பம் தரும். அதே வெண்பா 'நெஞ்சில் கரவுடையார்' என்று வஞ்சகரையும் சுட்டுவதால் சொல்லுக்குத் தீய சாயல் உண்டு என்பது உண்மை. ஆனால் திருட்டிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லுக்கும் அச்சாயல் இருந்ததுதான். கொரில்லாப் போரைக் குறிக்கும் 'கரந்தடிப் போர்' ஈழத்தமிழ் எழுத்தில் நன்கு வழங்குவதால், ராணுவச் சூழலுக்கு இந்த வேர் புதிதும் அன்று. வெட்சிக்கு மறுதலையான 'கரந்தை' பூவின் பெயர் என்பதால் அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

எனவே வகைப்பெயராகக் 'கரவு விளையாட்டு' என்பதையும், ஆட்டமுறைக்குக் 'கரவு' என்பதையும், வினையாகக் 'கரந்து செல்லுதல்' என்பதையும் ஆளலாம். 'கரவாட்டம்' என்று சுருக்கினாலும் தவறில்லை. எனினும் அது ஒரு நடனத்தின் பெயர்போல் ஒலிப்பதால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. காவலன் அறியாமல் பின்னால் வந்து வீழ்த்துவது 'கரந்து வீழ்த்துதல்'. சூழலோடு கலக்கும் உடைக்கும் வண்ணப்பூச்சுக்கும் 'உருமறைப்பு' என்ற நிலைபெற்ற சொல் இருக்கையில் அதைக் கரவு என்று மாற்றுவது வீண்வேலை. 'ஹிட்மேன்' போன்ற ஆட்டங்களில் கொலையாளி ஒளிவதே இல்லை. சமையற்காரராகவோ காவலராகவோ உடுத்து எல்லோரும் பார்க்கவே நடக்கிறான். 'கடாஅ உருவொடு கண்அஞ்சாது' என்று ஒற்றாடல் அதிகாரம் ஐயுறப்படாத தோற்றத்தைச் சொல்வது இதைத்தான். கரக்கப்படுவது அங்கே உடலன்று, அடையாளம். அவ்வகையைத் தனித்துச் சுட்ட வேண்டிய இடத்தில் 'மாறுவேடக் கரவு' என்று எழுதலாம்.